ஆன்றோ தொட்டுவிட்டுப் போன வேலை

சங்குமுனையில் ஒரு வழக்கம் உண்டு. கடலுக்குப் போகிறவன் கரையில் எந்த வேலையைத் தொட்டுவிட்டுப் போனானோ, அதை அவன் திரும்பி வந்துதான் முடிக்க வேண்டும், வேறு கை அதில் படக் கூடாது. பாதி முடைந்த வலையானாலும் சரி, பாதி வெள்ளையடித்த சுவரானாலும் சரி, பெண்டாட்டியோடு பாதியில் விட்டுப் போன சண்டையானாலும் சரி, அவன் வரும்வரை அது அப்படியே கிடக்கும். முடிக்க வேண்டிய வேலை ஒன்று கரையில் கிடந்தால்தான் கடலில் இருப்பவனுக்குத் திரும்பி வரத் தோன்றும் என்பது அந்த ஊர்க்காரர்களின் நம்பிக்கை. அவன் இனி வரமாட்டான் என்று வீடு ஒப்புக்கொள்கிற நாளில், மனைவியோ உடன்பிறந்தவளோ அந்த வேலையைத் தன் கையால் முடித்துவைப்பாள். அவள் முடித்த பிறகுதான் கோயிலில் துக்க மணி அடிப்பார்கள், அதற்கு முன் யார் வந்து சொன்னாலும் அடிக்க மாட்டார்கள். பிணம் கிடைக்காத சாவுகள் மிகுந்த கடற்கரைக்கு இப்படி ஒரு முறை தேவையாகத்தான் இருந்தது.

ஆன்றோ ஒரு தடவை தொட்டுவிட்டுப் போனது வலையையும் அல்ல, சுவரையும் அல்ல, ஒரு லாஞ்சரை.

ஆன்றோவின் அக்கா ஜெனோவா, முன்பு ஐஸ் பெட்டிகள் அடுக்கி வைத்திருந்த அறையைக் கழுவித் துடைத்து, அதில் நான்கு கம்ப்யூட்டர்களைப் போட்டு கேமிங் சென்டர் நடத்திக்கொண்டிருந்தாள். எவ்வளவு கழுவியும் அறையில் மீன் வாடை போகவில்லை, ஆனால் விளையாட வருகிறவர்களுக்கும் அதே வாடைதான் என்பதால் யாரும் குறை சொன்னதில்லை. லாஞ்சர் என்பது அந்த விளையாட்டுகளுக்கு வாசல்காரன் மாதிரி. அவன் கதவைத் திறந்தால்தான் உள்ளே போகலாம், விளையாட்டை இறக்கிக் கொடுப்பதும் அவன்தான், மாதத்துக்கு நாலு தடவை புதுசாக்குகிறேன் என்று சொல்லி ஆளைக் காக்க வைப்பதும் அவன்தான். கடலில் காற்றைக் கண்டு பயப்படாத ஆன்றோ அந்த வாசல்காரனிடம் மட்டும் கெஞ்சுவான்.

அன்று காலையில் கூட்டாளிக்குக் காய்ச்சல் என்று தனியாகவே வள்ளத்தைத் தள்ளப் போனவன், போகிற வழியில் கடைக்குள் எட்டிப் பார்த்து, மூலையிலிருந்த கம்ப்யூட்டரில் எதையோ தட்டினான்.

"எக்கா, அப்டேட் கேக்குது. போட்டுவிட்டுப் போறேன். யாரும் தொட்டுராம பாத்துக்க, நாளைக்கு வந்து நானே பாத்துக்கிடுதேன்" என்றான்.

"ஒம் பெண்டாட்டி நிறைமாசமா இருக்கா. இப்ப ஒனக்கு கேமு ஒண்ணுதான் கேடு" என்றாள் ஜெனோவா. அவன் சிரித்துக்கொண்டே போனான்.

திரையில் நீலப் பட்டை ஒன்று இடமிருந்து வலமாக நீண்டுகொண்டே போய், தொண்ணூற்றொன்பது என்ற இடத்தில் நின்றது. நின்றது நின்றதுதான். அந்தப் பட்டை நின்ற அதே பொழுதில் சங்குமுனையில் முடிய வேண்டியவை எல்லாம் முடிவதற்கு ஒரு நூலிழை முன்னால் நின்றுபோயின. பங்குச் சாமியார் காலைப் பூசையின் கடைசியில், எல்லாரும் போய்வாருங்கள் என்று சொல்ல வேண்டிய இடத்தில் கைகளை விரித்தபடி நின்றார், அந்தச் சொல் வாய்க்கு வரவில்லை. சலூனில் உட்கார்ந்திருந்தவருக்கு மீசையின் ஒரு நுனி ஒதுங்கவில்லை, கத்திரி போய்ப் போய்த் திரும்பியது. வலை முடைந்தவர்களுக்குக் கடைசிக் கண்ணி விழவில்லை. கரைக்கு வந்த வள்ளங்கள் மணலைத் தொட ஒரு கை அகலத் தண்ணீர் மிச்சமிருக்கும்போது நின்று ஆடின, எத்தனை பேர் இழுத்தும் அந்த ஒரு கை அகலம் குறையவில்லை. ஊர்க் கமிட்டிக் கூட்டமும் முடியவில்லை. ஆனால் அது முன்பும் முடிந்ததில்லை என்பதால் யாரும் கவனிக்கவில்லை.

ஊர் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை என்றால் நம்ப வேண்டும். கடற்கரைக்காரர்களுக்கு நினைத்தது நடக்காமல் போவது புதிதா என்ன? ஓரிரு நாளில் எல்லாரும் பழகிவிட்டார்கள். சாமியார் விரித்த கையோடு நிற்க, சனங்கள் தாங்களாகவே எழுந்து ஒருவருக்கொருவர் கும்பிட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். வள்ளத்திலிருந்து ஆண்கள் அந்த ஒரு கை அகலத் தண்ணீரில் குதித்து மீனைத் தலையில் சுமந்து வந்தார்கள். ஒரு பக்க மீசை கொஞ்சம் தூக்கலாக இருப்பதுதான் அழகு என்று இளவட்டங்கள் சொல்லிக்கொண்டார்கள். நெடுநாளாகப் பேச்சு வார்த்தை இல்லாமலிருந்த இரண்டு சம்பந்திகள் அன்றுதான் சண்டையைத் தொடங்கியிருந்தார்கள், அதுவும் முடியாததால் திட்டுவதற்கு வார்த்தை தீர்ந்துபோய், ஒருவர் வீட்டு வாசலில் மற்றவர் உட்கார்ந்து நலம் விசாரிக்கிற தொனியில் திட்டிக்கொண்டிருந்தார்கள். எல்லாக் குழப்பத்துக்கும் மூலையிலிருந்த கம்ப்யூட்டர்தான் காரணம் என்பதை யாரும் கண்டுபிடித்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை, எல்லாருக்கும் தானாகவே தெரிந்திருந்தது. கடைக்கு வந்து பட்டையைப் பார்ப்பார்கள், தொண்ணூற்றொன்பதா என்று கேட்பார்கள், ஆமாம் என்றதும் தலையை ஆட்டிவிட்டுப் போவார்கள்.

ஆன்றோ மறுநாள் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. காற்று வேறு திசைக்கு மாறியிருந்தது, அவன் போன பக்கத்தில் எந்த வள்ளத்தையும் பார்க்கவில்லை என்று ஆழத்துக்குப் போய் வந்தவர்கள் சொன்னார்கள்.

ஊரில் மூத்த சம்மாட்டி சூசையாதான், மொத்தம் எட்டுப் பத்து வள்ளங்களுக்குச் சொந்தக்காரர். அவர் தன் வள்ளங்களையெல்லாம் தேடுவதற்கு அனுப்பினார். போனவர்கள் வந்தார்கள், வந்தவர்கள் மறுபடி போனார்கள். ஜெனோவா ஒவ்வொரு நாளும் கரையில் நின்று பார்த்துவிட்டுக் கடைக்குத் திரும்பி, பட்டையையும் ஒரு முறை பார்த்துக்கொள்வாள். அது நகராமல் நிற்பதைப் பார்க்கும்போது அவளுக்கு ஒரு நிம்மதி வந்தது, அந்த நிம்மதியை யாரிடமும் சொல்ல அவளுக்கு வெட்கமாக இருந்தது. எதுவும் முடியாத ஊரில் ஒருவனின் உயிர் மட்டும் எப்படி முடியும் என்று அவள் கணக்குப் போட்டிருந்தாள். தேடுவது முடியாதவரை அவன் செத்தவன் இல்லை, பட்டை நகராதவரை தேடுவது முடியாது. அவள் ஒரு எவர்சில்வர் சட்டியை எடுத்து வந்து அந்தக் கம்ப்யூட்டரின் மவுஸ் மேல் கவிழ்த்து வைத்தாள், தவறிக்கூட யார் கையும் பட்டுவிடக் கூடாது.

அவளுக்கு இதில் ஒரு பழைய ரணமும் இருந்தது. அவளுடைய அப்பா கடலில் காணாமல் போனபோது பாதி வலை கூடத்தில் கிடந்தது. அம்மா பொறுத்துப் பார்த்து, பொறுக்க முடியாமல், ஒரு மத்தியானம் உட்கார்ந்து அந்த வலையை முடைந்து முடித்தாள். மணி அடித்தார்கள். மறுநாள் அப்பாவின் உடல் கரை ஒதுங்கியது, செத்து ஒரு நாளுக்கு மேல் ஆகியிருக்காது என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். அம்மா அவசரப்படாமல் இருந்திருந்தால் அப்பா நடந்தே வந்திருப்பார் என்று அன்று பாவாடை சட்டையில் நின்றுகொண்டிருந்த ஜெனோவா முடிவு செய்துவிட்டாள். அம்மா சாகும்வரை அவள் அதை மன்னிக்கவில்லை.

பட்டையைத் தொடாமலே நகர்த்த முடியுமா என்று பார்ப்பதில் தப்பில்லை என்று ஊரார் சொன்னார்கள். ஆன்றோவின் மனைவி ஷெர்லினுக்குப் பெரியப்பா மகன் ஒருவன், பெனிட்டோ என்று பெயர், சென்னையில் கம்ப்யூட்டர் வேலையில் இருந்தான். அவனுக்கு போன் போட்டு, எல்லாருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் வைத்தார்கள். தொடங்கிய அழைப்பும் முடியவில்லை. அவன் எத்தனை முறை துண்டித்தாலும் அது துண்டாகவில்லை, ஆகவே பெனிட்டோவின் குரல் மேசைமேல் இருந்த போனில் பகல் முழுக்க ஓடிக்கொண்டிருந்தது. அவன் பல் தேய்ப்பதும், பஸ்ஸில் சில்லறைக்கு வாதாடுவதும், மேலதிகாரியிடம் குழைவதும், பெண்டாட்டியிடம் திட்டு வாங்குவதும் கடைக்குள் கேட்டது. ஊர்ப் பெண்கள் அவன் பெண்டாட்டியின் பக்கம் சேர்ந்துகொண்டு போனில் அவனுக்குப் புத்தி சொன்னார்கள். சில நாளிலேயே அவன் சங்குமுனையில் குடியிருப்பவன் மாதிரி ஆகிவிட்டான், மீன் என்ன விலை என்று அவனிடமே கேட்டுத் தெரிந்துகொண்டவர்களும் உண்டு.

"மொதல்ல ரவுட்டரை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க" என்றான் பெனிட்டோ.

ரவுட்டர் ஆன்றோ தொட்ட பொருள் இல்லை, அதனால் அதில் தோஷமில்லை என்று கமிட்டி சொன்னது. அணைத்துப் போட்டார்கள். பட்டை அசையவில்லை. இணைய ஒயரை உருவித் துடைத்துத் திரும்பச் செருகினார்கள். சாமியார் முடியாத பூசையை அப்படியே விட்டுவிட்டுத் தீர்த்தம் கொண்டுவந்து தெளிக்கப் போனார், கரண்ட் இருக்கிறது சாமி என்று ஜெனோவா தடுத்ததால் ஒயர் மேல் படாமல் சுவரில் தெளித்துவிட்டுப் போனார். வைரஸ் வராமல் காக்கிற காவல்காரனே சில நேரம் லாஞ்சரின் கையைப் பிடித்துக்கொள்வான் என்று பெனிட்டோ சொல்ல, மூலைக் கம்ப்யூட்டரில் கை வைக்காமல் பக்கத்துக் கம்ப்யூட்டர் வழியாகவே அந்தக் காவலையும் நிறுத்தினார்கள். பிறகு, உள்ளே இடம் இருக்கிறதா பாருங்கள், இடம் பத்தவில்லையென்றாலும் இப்படி நிற்கும் என்றான். பார்த்தால் கம்ப்யூட்டர் முழுக்க ஊர்த் திருவிழாக்களும் கல்யாணங்களும் அடைத்துக்கொண்டு கிடந்தன. கல்யாணக்காரர்களைக் கூப்பிட்டு, அழிப்பதற்கு முன் கடைசியாக ஒரு தடவை போட்டுக் காட்டினாள் ஜெனோவா. தங்கள் கல்யாணத்தைப் பார்த்துவிட்டு இரண்டு பேர் அழுதார்கள், ஒருவன் எழுந்து போய்விட்டான். அதே வழியில் எல்லாவற்றையும் அழித்து இடம் பண்ணிய பிறகும் பட்டை அங்கேயே நின்றது.

ஒரு நாள் ஊருக்கே கரண்ட் போனது. மற்ற மூன்று திரைகளும் இருண்டன. மூலையிலிருந்த திரையில் நீலப் பட்டை மட்டும் எரிந்துகொண்டிருந்தது, அந்த வெளிச்சத்தில் பக்கத்து வீட்டுக்காரிகள் வந்து உட்கார்ந்து மீன் ஆய்ந்தார்கள்.

பெனிட்டோ இரண்டு நாளாக எதையோ சொல்லாமல் விழுங்கிக்கொண்டிருந்தது குரலில் தெரிந்தது. கடைசியில் சொன்னான்.

"இன்னும் ஒரு வழிதான் இருக்கு எக்கா. டாஸ்க் மேனேஜர்னு ஒண்ணு இருக்கும், அதுக்குள்ள போயி லாஞ்சரை நிறுத்தணும். நிறுத்திட்டு, அது பாதியில இறக்கி வச்ச ஃபோல்டரை அழிச்சிறணும். அப்புறம் மொதல்லேருந்து போட்டா சரியாப் போயிரும்."

கடையில் இருந்தவர்கள் ஜெனோவாவைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"அழிக்கதுன்னா?" என்று கேட்டார் சம்மாட்டி சூசையா. "அவன் தொட்டத அழிக்கதா?"

"ஆமா மாமா" என்றான் பெனிட்டோ.

சூசையா தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே போனார். ஒருவன் தொட்டுவிட்டுப் போன வேலையைப் பிறர் முடிப்பதே அவனைச் செத்தவன் என்று சொல்வதாகும், அழிப்பதற்கு என்ன பொருள் என்று அந்த ஊர் யோசித்துக்கூடப் பார்த்ததில்லை. ஜெனோவா நாற்காலியைத் திருப்பிப் போட்டு, கம்ப்யூட்டருக்கு முதுகைக் காட்டி, வாசலைப் பார்த்து உட்கார்ந்துகொண்டாள். இனி யாரும் கிட்டே வர வேண்டுமானால் அவளைத் தாண்டித்தான் வர வேண்டும்.

இதற்குள் ஷெர்லினுக்கு வலி கண்டிருந்தது. கடைக்குப் பின்னால்தான் வீடு. ஊர் நர்ஸ் வந்து பார்த்து, தலை இறங்கிவிட்டது, இதோ ஆகிவிடும் என்றாள். இதோ என்றது அன்றும் ஆகவில்லை, மறுநாளும் ஆகவில்லை. வலி வரும், உச்சத்துக்குப் போகும், குழந்தை வந்தேவிட்டது என்று நர்ஸ் கையை நீட்டுவாள், அந்த இடத்தில் எல்லாம் நிற்கும். ஆம்புலன்ஸில் ஏற்றி நகரத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். ஆஸ்பத்திரிக் கட்டடம் கண்ணுக்குத் தெரிகிற தூரம்வரை போன வண்டி அதற்கு மேல் ஓடிக்கொண்டேயிருந்தது, சக்கரம் சுற்றியது, டீசல் குறைந்தது, கட்டடம் மட்டும் பக்கத்தில் வரவில்லை. இறங்கி ஸ்ட்ரெச்சரோடு நடந்தும் பார்த்தார்கள். ஒரு கை அகலத் தண்ணீர் என்றால் குதித்துவிடலாம், இது நீண்ட வழி, நீண்ட வழிக்கு மிச்சமும் நீளமாகத்தான் இருந்தது. கடைசியில் டிரைவர் வண்டியைத் திருப்பினார், முடியாத பயணத்தைக் கைவிட்டுத் திரும்புவது முடிப்பதில் சேராததாலோ என்னவோ வீடு வந்தது. ஷெர்லினை அவள் படுத்திருந்த கட்டிலிலேயே கொண்டுவந்து கிடத்தினார்கள்.

அதற்குப் பிறகு ஊரின் முகம் மாறியது. அதுவரை முடியாததையெல்லாம் வேடிக்கையாகவே எடுத்துக்கொண்டவர்கள், ஷெர்லினின் குரல் தெருவெல்லாம் கேட்கத் தொடங்கியதும் வேடிக்கையை விட்டார்கள். யாரும் ஜெனோவாவிடம் ஒரு வார்த்தை தப்பாகச் சொல்லவில்லை. வந்து வாசலில் நிற்பார்கள், அவள் முதுகுக்குப் பின்னால் எரிகிற நீலத்தைப் பார்ப்பார்கள், போவார்கள். திட்டியிருந்தால் அவளுக்கு எளிதாக இருந்திருக்கும். சூசையா மட்டும் ஒரு நாள் உள்ளே வந்து உட்கார்ந்தார்.

"நான் ஒன்னைய ஒண்ணும் சொல்ல வரல தாயி" என்றார். "வள்ளமெல்லாம் இன்னிக்கும் போயிருக்கு. நாளைக்கும் போவும். நீ எத்தன நாளு சொல்லுதியோ அத்தன நாளு போவும்."

"அப்ப எதுக்கு மாமா வந்திய?"

"எங்க வீட்டுக்காரி காதுல பஞ்சை வச்சிட்டுப் படுக்கா. அந்தப் புள்ள கத்துதது தாங்க முடியலங்கா. அதைத்தான் சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்." அவர் எழுந்து போய்விட்டார்.

ஜெனோவா காதில் பஞ்சு வைக்கவில்லை. ஒவ்வொரு கத்தலும் அவளுக்குள் விழுந்தது. எழுந்து வழி விட்டுவிடலாமா என்று கால் துடிக்கும், உடனே கூடத்தில் அம்மா உட்கார்ந்து முடைந்த அந்த வலை ஞாபகம் வரும், கால் நின்றுவிடும். ஒரு நாள் பொறுத்திருந்தால் என்ற சொல் அவள் நெஞ்சில் ஆணி அடித்த மாதிரி இருந்தது. இன்னும் ஒரு நாள் பார்ப்போம் என்று தினமும் சொல்லிக்கொண்டாள்.

அன்று மத்தியானம் ஷெர்லின் அவளைக் கூப்பிட்டுவிட்டாள்.

ஜெனோவா போனபோது இரண்டு வலிக்கு நடுவில் இருந்தாள் அவள். முடி நெற்றியில் ஒட்டிக் கிடந்தது, கடித்துக் கடித்து உதடு வீங்கியிருந்தது. நாத்தனாரைப் பார்த்ததும் சிரிக்க முயன்றாள்.

"மைனி, ஒண்ணு சொல்லுவேன். கோவப்படக் கூடாது."

"சொல்லு."

"போயி அதை முடிச்சிருங்க."

ஜெனோவா கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்தாள். "முடிச்சா நீ யாருன்னு ஒனக்குத் தெரியுமா? பிள்ள பொறந்து அழுதத கேக்கதுக்கு முன்னாடி ஒனக்கு மணி கேக்கும்."

"தெரியும் மைனி."

"அவன் உசுரோட இருக்கான்னு எனக்குத் தோணுது."

"எனக்கும் தோணுது" என்றாள் ஷெர்லின். கண்ணிலிருந்து தண்ணீர் காதுப் பக்கம் வழிந்தது, துடைக்கவில்லை. "ஆனா இந்தப் பிள்ளையும் அவிய தொட்டுவிட்டுப் போன வேலைதான மைனி. இதையும் அவிய வந்து முடிக்கட்டும்னு போட்டு வச்சிருக்க முடியுமா? நேத்து வரைக்கும் உள்ள உதைச்சிட்டுக் கெடந்துச்சு. இன்னிக்குக் காலையிலேருந்து உதைக்கல."

ஜெனோவா அவள் வயிற்றின் மேல் கையை வைத்துப் பார்த்தாள். நெடுநேரம் வைத்திருந்தாள். பிறகு எழுந்து கடைக்கு நடந்தாள், வாசலில் நின்றவர்கள் அவள் முகத்தைப் பார்த்து வழி விட்டார்கள்.

சட்டியை எடுத்து ஓரமாக வைத்தாள். "பெனிட்டோ, எங்க போகணும் சொல்லு" என்றாள்.

போனில் சென்னை இரைச்சல் கேட்டது, அப்புறம் பெனிட்டோ எங்கோ ஒதுங்கி நின்று பேசினான். "எக்கா, மனசு இல்லன்னா விட்டுருங்க. நான் வேற யார்ட்டயாவது கேட்டுப் பாக்கேன்."

"சொல்லுல."

அவன் சொன்னான், அவள் செய்தாள். ஓடிக்கொண்டிருக்கிறவற்றின் பெயர்கள் வரிசையாக வந்தன, அவற்றில் லாஞ்சரின் பெயர் மேல் அம்பைக் கொண்டுபோய் நிறுத்தச் சொன்னான், நிறுத்தினாள். நீலப் பட்டை அணைந்தது. பிறகு உள்ளே போய், இன்னும் உள்ளே போய், ஆன்றோவின் விளையாட்டு கிட்டத்தட்ட முழுசாக இறங்கிக் கிடந்த ஃபோல்டரைக் கண்டுபிடித்தார்கள். நிச்சயமாக அழிக்கவா என்று கம்ப்யூட்டர் கேட்டது. அம்மாவிடம் இப்படிக் கேட்கக்கூட ஆள் இருந்திருக்காது என்று அவளுக்குத் தோன்றியது, அந்த மத்தியானத்தில் அம்மா எவ்வளவு தனியாக இருந்திருப்பாள் என்று முதல்முறையாக நினைத்தாள். ஆம் என்பதை அழுத்தினாள்.

பெனிட்டோ எதையோ சொல்ல வாயெடுத்தான், பாதிச் சொல்லில் போன் துண்டித்துக்கொண்டது. அந்த அமைதிக்குள் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக முடிந்தன. கத்திரி மீசை நுனியை நறுக்கியது. கண்ணிகள் விழுந்தன. வள்ளங்கள் மணலில் முட்டிய சத்தம் கரை நெடுகக் கேட்டது. சம்பந்திகள் இருவரும் பேச்சை நிறுத்தி, ஒருவரையொருவர் பார்த்து, அவரவர் வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள். கோயிலில் சாமியார் போய்வாருங்கள் என்று சொல்லிக் கைகளை இறக்கினார், கேட்பதற்கு அங்கே ஒருவரும் இல்லை. வீட்டுக்குள்ளிருந்து ஷெர்லினின் நீண்ட குரல் ஒன்று எழுந்து அடங்கியது, கொஞ்சம் பொறுத்துச் சன்னமாக இன்னொரு குரல் அழுதது.

ஜெனோவா குழந்தையைப் பார்க்கப் போகவில்லை. நேராகக் கோயிலுக்குப் போனாள்.

"மணி அடிங்க சாமி."

"கொஞ்சம் பொறு ஜெனோவா. தேடப் போன வள்ளங்க வரட்டும்."

"பொறுத்தது போதும் சாமி. நாந்தான் முடிச்சேன், அடிக்கச் சொல்ல வேண்டியதும் நாந்தான். முறைன்னு ஒண்ணு இருக்குல்லா?"

சாமியார் கயிற்றைப் பிடித்தார். துக்க மணி விட்டு விட்டு அடிக்கும், ஒவ்வொரு அடிக்கும் நடுவில் ஊர் மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கும். சமையல் அடுப்புகளை அணைத்தார்கள். ஜெனோவா கோயில் படியில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு அழுகை வரவில்லை, கை மட்டும் மவுஸைப் பிடித்த மாதிரியே மடங்கிக் கிடந்தது.

மணி ஓய்வதற்குள் தேடப் போனவர்களின் வள்ளம் ஒன்று கரையில் ஏறியது. அதன் பின்னால் கயிற்றில் கட்டி இழுத்துவந்த இன்னொரு வள்ளம் இருந்தது. முனைக்கு நேரே, ஊர் தெரிகிற தூரத்தில் கிடந்தான் என்றார்கள், இத்தனை நாளும் அந்த வழியாகத்தான் போய் வந்தோம், கண்ணில் படவில்லை, இன்றைக்கு அது பாட்டுக்கு எதிரில் வந்து நிற்கிறது என்றார்கள். நாலு பேர் தாங்கி ஆன்றோவை இறக்கினார்கள். தோல் உரிந்து, கண் உள்ளே போய், ஆள் பாதியாக இருந்தான். கோயில் படியிலிருந்து ஓடிவந்த ஜெனோவாவுக்கும், கயிற்றை விட்டுவிட்டு அவள் பின்னால் வந்த சாமியாருக்கும் கூட்டம் வழி விட்டது. அவன் அவளை அடையாளம் கண்டு, வறண்ட உதட்டைப் பிரித்தான்.

"மணி கேட்டுச்சே. ஊர்ல யாருக்கா செத்தது?"

சாமியார் தலையைக் குனிந்துகொண்டார். "யாரும் சாகலல" என்றாள் ஜெனோவா. "ஒனக்குப் பிள்ள பொறந்திருக்கு."

வீட்டில் அவனைக் குழந்தைக்கும் ஷெர்லினுக்கும் பக்கத்திலேயே பாய் விரித்துக் கிடத்தினார்கள். நர்ஸ் சொன்னபடி ஜெனோவா சர்க்கரைத் தண்ணீரை ஸ்பூனில் எடுத்து எடுத்துக் கொடுத்தாள். குடித்துக் குடித்து அவனுக்குப் பேச்சு வந்தது. இன்ஜின் நின்றதையும் நீரோட்டம் இழுத்ததையும் சொன்னான். பிறகு துடுப்பைப் போட்டு எப்படியோ ஊர் தெரிகிற தூரத்துக்கு வந்துவிட்டேன் என்றான்.

"கோயில் கோபுரம் தெரிஞ்சிட்டே இருந்துச்சுக்கா. சாயங்காலமானா கரையில நீ வந்து நிக்கது, சேலை நிறம் கூடத் தெரிஞ்சிச்சு. கத்தினேன். துடுப்புப் போட்டேன், போட்டேன், கை வெடிச்சுப் போச்சு. அந்தத் தூரம் மட்டும் குறையவே இல்ல."

ஜெனோவா ஸ்பூனை டம்ளருக்குள் போட்டாள். "தண்ணிக்கு என்னல செஞ்ச?" என்று கேட்டாள்.

"அதுதான்க்கா அதிசயம். கேன்ல ஒரு வாய்த் தண்ணிதான் கெடந்துச்சு. குடிச்சா மறுபடி ஒரு வாய் கெடக்கும். தீரவே இல்ல."

அவள் அவனை அங்கே நிறுத்தி வைத்திருந்தாள், நிறுத்தி வைத்ததாலேயே அவன் உயிரோடு இருந்தான். முந்தியே கையை வைத்திருந்தால் அவன் முந்தியே வந்திருப்பானா, இல்லை அந்த ஒரு வாய்த் தண்ணீர் தீர்ந்து போயிருப்பானா? அப்பாவின் வலையை ஒரு நாள் தள்ளி முடைந்திருந்தால், ஒரு நாள் முன்னதாக முடைந்திருந்தால்? அவள் ஸ்பூனை மறுபடி அவன் வாயில் வைத்தாள்.

ஆன்றோ குழந்தையின் பக்கம் தலையைத் திருப்பிக் கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு, எதையோ நினைத்துக்கொண்டவனாகக் கேட்டான்.

"எக்கா, அந்த அப்டேட் என்னாச்சு?"

கட்டிலில் கிடந்த ஷெர்லின் கண்ணை மூடிக்கொண்டாள். ஜெனோவா டம்ளரைத் தரையில் வைத்தாள்.

"அழிச்சிட்டேன்."

அவன் புரியாமல் அவளைப் பார்த்தான். அவனும் சங்குமுனைக்காரன்தான், புரிவதற்கு அதிக நேரம் ஆகவில்லை. கரை ஏறும்போது கேட்ட மணி யாருக்கு அடித்தது என்பதும் அவன் முகத்தில் தெரிந்தது.

"செத்துட்டேன்னு எப்பக்கா நெனச்ச?" என்றான்.

"ஒரு நாளும் நெனைக்கலல" என்றாள் ஜெனோவா. "நெனைக்காமத்தான் ஒன்னைய அங்கன நிறுத்தி வச்சிருந்தேன்."

ஆன்றோ வெடித்துப் போயிருந்த கையை நகர்த்தி அவள் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டான். அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. அந்தச் சத்தத்தில் விழித்து, குழந்தையும் அழ ஆரம்பித்தது. குழந்தை அழுது முடித்துத் தூங்கிப் போனது, ஜெனோவாவால்தான் முடிக்க முடியவில்லை.